ஸ்ரீஸ்கந்தராசாவின் இரண்டாம் சுற்று

கண்டல்துறை மக்கள் ஒன்றியத்தின் ரொறன்ரோக் கிளை ஆவணங்களில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பெயர் நூற்றுப் பதினேழு இடங்களில் வருகிறது. தொண்ணூறு இடங்களில் அவர் எதையாவது ஆட்சேபிக்கிறார். மிச்ச இருபத்தேழில் பத்தொன்பது அவரே கேட்டுச் சேர்ப்பித்தவை. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது என் பின்னால் வந்து நின்று, "அண்ணை, நானும் பேசினனான் எண்டு ஒரு வரி போடுங்கோ" என்பார். பேசியது உண்மை என்பதால் போட்டேன். என்ன பேசினார் என்று எழுதவில்லை. எழுதும்படியாக ஒன்றும் இருக்கவில்லை. மீதி எட்டும் அவர் தேர்தல்களில் தோற்ற விபரங்கள்.

இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லைதான். ஆனால் 2024 ஒக்டோபரில் நடந்த ஒன்றியத் தலைவர் தேர்தலைப் பற்றி மூன்று கதைகள் உலாவுகின்றன. வாக்குகள் மாற்றி எண்ணப்பட்டன என்று ஒன்று. வேதக்காரரான கத்தோலிக்கரும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து சதி செய்தார்கள் என்று இரண்டாவது. யாரோ செய்வினை வைத்தார்கள் என்று மூன்றாவது. இதைச் சொல்பவர் கணினிப் பொறியியலாளர். மூன்றும் பிழை. வாக்குகளை எண்ணியவன் நான். ஆகவே எழுதுகிறேன்.

ஸ்ரீஸ்கந்தராசா பிறந்தது 1961 மாசி பதினோராம் திகதி. அவர் எல்லோருக்கும் 1963 என்று சொல்வார். ஊரில் நான் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தபோது என் கைக்கு வந்த பழைய புத்தகத்தில் அவருடைய பதிவு இருந்தது. தகப்பனின் ஐந்து பிள்ளைகளில் நான்காவது. 1987இல் கனடாவுக்கு வந்தார். அவருக்கு முன்பே வந்திருந்த பெரியப்பா வேலாயுதபிள்ளை, அதாவது தகப்பனுடைய கூடப்பிறந்த தமையன், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் இரண்டு அறை அப்பார்ட்மெண்டில் மகள் தவமலருடன் இருந்தார். அந்த வீட்டு வரவேற்பறையின் சோபாவில் ஸ்ரீஸ்கந்தராசா மூன்று வருடமும் இரண்டு மாதமும் படுத்தெழும்பினார். மூன்று வேளையும் அங்கேயே சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் திறக்குமுன் பக்கத்து பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில் பெரியப்பா தன் பழைய காரில் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

உணவகத்தில் கோப்பை கழுவினார். பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றார். 1996இல் 'ஸ்ரீ டிரைவிங் ஸ்கூல்' தொடங்கினார். "எவரிடமும் படிக்காமல் தானாகவே ஓட்டப் பழகியவர்" என்று அவருடைய விளம்பரத்தில் அச்சாகியிருந்தது. பெரியப்பா அதை வாசித்துவிட்டு, "அப்ப நான் பக்கத்து சீற்றிலை இருந்து என்ன, வெத்திலையோ போட்டனான்?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த மனிதர் சிரித்ததோடு விட்டுவிட்டார். அது அவருடைய பிழை.

காரின் கூரையில் ஒரு பலகை. பலகையில் ஸ்ரீஸ்கந்தராசாவின் முகம். முகத்தைப் பதினைந்து வருடத்தில் ஒருமுறைதான் மாற்றினார், அதுவும் முடிக்கு மை பூசியபின். அவரிடம் படித்தவர்கள் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவருடைய அரசியல் கருத்துகளைக் கேட்டாக வேண்டும். பச்சை விழுந்தபின்னும் கேட்டுக்கொண்டிருந்து, பின்னால் ஹோர்ன் அடி வாங்கியவர்கள் பலர்.

அவருக்குத் தலைவராக வேண்டும். எதற்குத் தலைவர் என்பது பற்றி அவருக்குக் கவலை இல்லை. பாடசாலைச் சபைக்கு நின்று தோற்றார். கோயில் நிர்வாக சபைக்கு நின்று தோற்றார். ஒன்றியத்திலேயே இரண்டு முறை தோற்றார். பிறகு, கையெழுத்துச் சேர்த்துக் கட்டணம் கட்டினால் எவரும் நிற்கலாம் என்பதால், ரொறன்ரோ மேயர் தேர்தலிலும் நின்றார். அவர் வீடு வாங்கியது யூனியன்வில்லில்; அது மார்க்கம் நகரம், ரொறன்ரோ அல்ல. வெக்ஸ்போர்ட்டில் பயிற்சிப் பள்ளிக்கு ஓர் அறை வாடகைக்கு வைத்திருந்ததால் சட்டத்தில் இடம் கிடைத்தது. மகன் மிதுனனுக்கு மார்க்கத்தில்தான் வாக்கு. "அவனுக்கு இஞ்சை வோட்டு இல்லாமல் போச்சு" என்று பல பேரிடம் கவலைப்பட்டார். மிதுனன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மேயர் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது நூற்று எண்பத்தேழு வாக்குகள். அன்றிலிருந்து ஊரவர்கள் அவரை 'மேயர்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். கலியாண வீட்டில் பந்திக்குப் போனால், "மேயருக்கு வடை போடுங்கோடா" என்று யாராவது குரல் கொடுப்பார். செத்த வீட்டிலும் அடக்கிய குரலில் அழைத்தார்கள். முதல் ஒரு மாதம் அதை மரியாதை என்று நினைத்திருந்தார். மனைவி புனிதவதி சொல்லித்தான் விளங்கியது. அதற்குப் பின்னர் அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு நோக்கம்தான் இருந்தது: ஒருமுறையாவது ஒரு தேர்தலில் உண்மையாக வென்று அந்தச் சிரிப்பை நிற்பாட்டுவது. இரவல் பட்டம் போய்ச் சொந்தப் பட்டம் வரவேண்டும். அதற்காக அவர் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தார், ஒன்றைத் தவிர. அது பின்னால் வரும்.

தான் தோற்றது அவருக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. வென்றவர் வென்ற விதம்தான் பிரச்சினை.

"நூறிலை அம்பது எடுக்காத ஆள் எப்பிடி அண்ணை மேயர் ஆகிறது? மற்ற நாடுகளிலை முதல் ரண்டு பேரையும் திரும்ப நிப்பாட்டி ரண்டாம் சுற்று வைப்பினம். இஞ்சை அது இல்லை. அதாலைதான் இந்த நகரம் இப்பிடிக் கிடக்கு."

"ரண்டாம் சுற்று வைச்சாலும் முதல் ரண்டு பேருக்குத்தானே. நீர் எத்தினையாவது?"

"அது வேறை கதை. நான் கொள்கையைக் கதைக்கிறன்."

நகர மண்டபத்துக்கு இரண்டாம் சுற்றுக் கேட்டு நான்கு கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அதைச் சட்டம் போட்டுப் பயிற்சிப் பள்ளிச் சுவரில் மாட்டினார். நகரத்தைத் திருத்த முடியாதவர் ஒன்றியத்தைத் திருத்தப் புறப்பட்டார். 2024 மார்ச் பதினேழாம் திகதிப் பொதுக்கூட்டத்தில் யாப்பின் ஒன்பதாம் பிரிவுக்குத் திருத்தம் கொண்டுவந்தார்: தலைவராக வருபவர் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும், இல்லாவிட்டால் முதல் இருவருக்கும் இடையே மூன்று வாரத்தில் மறுவாக்கு. பின்மேசையில் கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். ஆட்சேபனை இல்லை. அவர் ஆட்சேபிக்காத மிகச் சில தீர்மானங்களில் அதுவும் ஒன்று.

அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் எழுபத்தொரு புதிய அங்கத்தவர்களைச் சேர்த்தார். பெரும்பாலோர் நடுவளவார். நடுவளவு என்பது ஊரில் அவருடைய பாட்டனின் காணி. அந்தக் காணியிலிருந்து வந்த ஆண்வழிச் சொந்தம் முழுவதையும் அப்படித்தான் சொல்வது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அவர்கள் பரவிக் கிடந்தார்கள். ஒன்றியம் என்று ஒன்று இருப்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

முதற்சுற்று செப்ரெம்பர் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் நடந்தது. கண்டல்துறையில் சைவரும் கத்தோலிக்கரும் அரைவாசி அரைவாசி. அந்த மண்டபம் இலவசமாகக் கிடைப்பதால் எல்லாத் தேர்தலும் அங்கேதான். மூன்று பேர் நின்றார்கள். ஸ்ரீஸ்கந்தராசா ஒருவர். மக்டலீன் ஒருவர், இருபத்திரண்டு வருடம் பாடசாலை பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்றவர். ஸ்ரீஸ்கந்தராசாவிடம் ஓட்டப் படித்து மூன்று முறை தவறி, வேறொருவரிடம் படித்து முதல் முறையிலேயே தேறியவர். மூன்றாமவர் ஜனார்த்தன், இளைஞர் பிரதிநிதி என்று நின்றார், வயது நாற்பத்தெட்டு.

அளிக்கப்பட்ட வாக்குகள் 318. ஸ்ரீஸ்கந்தராசா 151. மக்டலீன் 104. ஜனார்த்தன் 58. செல்லாதவை 5. வெல்வதற்கு 157 வேண்டும். ஆறு குறைவு.

செல்லாத ஐந்தில் நான்கு அவருக்கு விழுந்தவை. நடுவளவார் நான்கு பேர் வாக்குச்சீட்டில் தங்கள் பெயரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். தாங்கள் போட்டது அவருக்குத் தெரியவேண்டுமே! ஒருவர் தொலைபேசி இலக்கமும் எழுதியிருந்தார். அந்த நான்கையும் சேர்த்தாலும் 155தான். அப்போது 159 வேண்டியிருக்கும். இதை அவருக்கு மூன்று தடவை கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"பழைய யாப்பு எண்டால் இண்டைக்கே நான் தலைவர்" என்றார்.

"ஓம். மாத்தினது நீர்."

மக்டலீன் பக்கத்தில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "நகரத்துக்குக் கேட்டது ஊருக்குக் கிடைச்சிருக்கு, ஸ்ரீ அண்ணை. சந்தோசப்படுங்கோவன்" என்றார்.

ஜனார்த்தன் தன் ஆதரவாளர்களை எவருக்கும் போடும்படி சொல்லாமல் கியூபாவுக்கு விடுமுறைக்குப் போய்விட்டார். அந்த ஐம்பத்தெட்டும் மக்டலீனுக்குப் போகக்கூடும் என்று ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் பயம் வந்தது. ஒக்டோபர் மூன்றாம் திகதி நிர்வாக சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இரண்டாம் சுற்றைத் தேவாலய மண்டபத்தில் வைக்காமல் பிள்ளையார் கோயிலின் கலியாண மண்டபத்தில் வைக்க வேண்டும், நேரம் காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. காரணம் என்று அவர் கொடுத்தது 'கார் நிறுத்த இடம் போதாமை'. தேவாலயத்தில் ஞாயிறு காலை தமிழ்ப் பூசை பதினொரு மணிக்கு என்பதும், தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் இடையே இருபத்தைந்து நிமிட ஓட்டம் என்பதும், கோயில் படியேறத் தயங்கும் வயதான கத்தோலிக்கர் ஐம்பது பேராவது இருப்பார்கள் என்பதும் அந்த அறையிலிருந்த பதினொரு பேருக்கும் தெரியும். ஏழுக்கு நாலு என்று நிறைவேறியது. கை தூக்கிய ஏழு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு தூக்கினார்கள். படித்தவர்கள்.

கோயில் மண்டப ஒப்பந்தத்தில் அவரே கையெழுத்திட்டார். அதன் நான்காம் நிபந்தனை: மண்டபத்திலிருந்து கோயிலுக்குள் கதவு திறப்பதால் துடக்கு, அதாவது ஆண்வழிச் சொந்தத்தில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் தீட்டு, உள்ளவர்கள் மண்டபத்துக்குள்ளும் வரக்கூடாது. அவர் அதை வாசிக்கவில்லை. பிரதி என்னிடம் இருக்கிறது.

ஒக்டோபர் ஒன்பதாம் திகதி புதன்கிழமை வேலாயுதபிள்ளை காலமானார். வயது தொண்ணூற்று நான்கு. நல்ல மனிதர். அவரைப் பற்றி எழுதத்தான் இந்தத் தாள்களைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

தவமலர் அழுதுகொண்டிருக்க, மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பை ஸ்ரீஸ்கந்தராசா எடுத்துக்கொண்டார். நம்மவரின் மரண அறிவித்தலைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். செத்தவரின் பெயர் ஒருமுறை வரும், இருப்பவர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக வரும். ஒரு பெயர் விடுபட்டால் பத்து வருடப் பகை. ஒரு பெயர் சேர்ந்தால் நன்றி. வாக்குக் கேட்கும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தொண்ணூற்றாறு பெயர்களைப் போட்டார். முதலில் தன் பெயர்: 'ஸ்ரீஸ்கந்தராசா (ஸ்ரீ டிரைவிங் ஸ்கூல் அதிபர், ஒன்றியத் தலைவர் வேட்பாளர்)'. பிறகு தான் சேர்த்த எழுபத்தொரு பேரும் ஒருவர் விடாமல். அவர்களில் இருபத்திரண்டு பேர் நடுவளவின் பெண்வழிச் சொந்தம், அல்லது அயல், அல்லது அவரிடம் கார் பழகியவர்கள். அவர்களையும் 'பாசமிகு பெறாமக்கள்' என்று, செத்தவரின் சகோதரர் பிள்ளைகளாக ஆக்கிவிட்டார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. இணையத்தில் தங்கள் பெயரைப் பார்த்து, மற்றவர்களுக்கும் அனுப்பினார்கள். கடைகளிலும் கோயில் விளம்பரப் பலகையிலும் அச்சுப் பிரதி ஒட்டினார். ஒட்டியவர் அவரே.

சனிக்கிழமை தகனம். அதற்குப் பிறகு புதன்கிழமை எட்டுச் செலவு என்னும் எட்டாம் நாள் படையல், யூனியன்வில்லில் ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டில். பெரிய வீடு என்பதால் தானே கேட்டு அங்கே வைத்தார். இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் படைத்து, நடுவளவு முழுவதும் உட்கார்ந்து சாப்பிட்டது. நானும் போயிருந்தேன். ஸ்ரீஸ்கந்தராசா கதிரைகளுக்கு நடுவே நடந்து, "ஞாயிற்றுக்கிழமை மறக்காதேங்கோ. ஒன்பது மணிக்கே வந்திடுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் குனிந்து சொல்லிக்கொண்டு வந்தார்.

தவமலர் கையில் சொதிக் கிண்ணத்தோடு நிமிர்ந்தார். "எங்கை வாறது, ஸ்ரீ?"

"கோயில் மண்டபத்துக்கு அக்கா. வோட்டுப் போட."

"எங்களுக்குத் துடக்கெல்லே? முப்பத்தொண்டு முடியாமல் கோயில் வாசல் மிதிக்கிறதோ?"

நடுவளவார் எல்லோரும் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஒரு கிழவர் மட்டும் தொடர்ந்து சாப்பிட்டார். அவருக்குக் காது கேளாது.

"அது மண்டபம்தானே அக்கா. கோயில் இல்லையே."

"ஒரு கதவுதானே இடையிலை? பிள்ளையார் அந்தக் கதவாலை பாக்கமாட்டாரோ?"

"இந்தக் காலத்திலை ஆரக்கா உதெல்லாம்..."

"ஆரோ? ரண்டு கிழமைக்கு முதல் நீதானே சொன்னனி, நடுவளவார் ஆசாரமான ஆக்கள், அவையளுக்குத் தேவாலயத்திலை வோட்டுப் போட மனம் கூசுதெண்டு."

ஸ்ரீஸ்கந்தராசா என்னைப் பார்த்தார். நான் என் சாப்பாட்டைப் பார்த்தேன். அவருடைய முகம் அப்போது கார்க் கூரைப் பலகையில் இருந்த முகம்போல இருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே தொலைபேசி எடுத்தார். மண்டபத்தைத் திரும்பத் தேவாலயத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். விதி சொன்னேன்: இடமாற்றத்துக்கு ஏழு நாள் அறிவித்தல் வேண்டும், அதற்குள் என்றால் இரண்டு வேட்பாளரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரம் நான்கு மணிக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோப்பிக் கடைக்குப் போனேன். மக்டலீன் முதலே வந்திருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா அவருக்கும் சேர்த்துக் கோப்பி வாங்கிவந்தார். முன்பொருபோதும் நான் காணாத காட்சி.

"தங்கச்சி, ஒரு உதவி."

"சொல்லுங்கோ, ஸ்ரீ அண்ணை."

"மண்டபத்தைப் பழையபடி உங்கடை இடத்துக்கே மாத்துவம். உங்கடை ஆக்களுக்கும் வசதி."

"நல்லது. நான் சைன் பண்ணுறன்." பேனையை எடுத்துவிட்டு நிறுத்தினார். "ஆனா ஒரு வரி எழுதித் தாங்கோ. முதல் ஏன் கோயிலுக்கு மாத்தினனீங்கள் எண்டு. அவ்வளவும்தான். பொதுக்கூட்டத்திலை வாசிக்கச் சொல்லிப் பதிவாளர் அண்ணையிட்டைக் குடுப்பம்."

"பார்க்கிங் பிரச்சினை எண்டு தீர்மானத்திலேயே கிடக்கு."

"அது தீர்மானத்திலை கிடக்கிறது. நான் கேக்கிறது உங்கடை வாயாலை. எங்கடை ஆக்கள் வரக்கூடாதெண்டு மாத்தினன் எண்டு எழுதுங்கோ. நான் கோவிக்கமாட்டன். எங்கடை சனத்திலை எழுபது வயசுக் கிழவியள் பூசையை விட்டிட்டு வரலாமோ எண்டு பாதரிட்டைப் போய்க் கேட்டிருக்குதுகள். அதுகளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

ஸ்ரீஸ்கந்தராசா தாளை எடுத்தார். நீண்ட நேரம் எழுதினார். மக்டலீன் வாங்கி வாசித்தார். 'கார் நிறுத்துமிடப் பற்றாக்குறை காரணமாகவும் பொதுமக்களின் நலன் கருதியும்' என்று இருந்தது. அவர் அதை நான்காக மடித்து, கோப்பிக் கோப்பைக்குக் கீழே வைத்தார்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு நாங்கள் கோயிலுக்கை வருவம், அண்ணை. எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று எழும்பிப் போய்விட்டார்.

ஒரு வரி. அதைக் கொடுத்திருந்தால் எழுபத்தொரு வாக்கும் அவருக்கு வந்திருக்கும்; எண்ணி வைத்த வெற்றி. அந்த ஒன்றைத்தான் அவரால் கொடுக்க முடியவில்லை. எதைக் கொடுத்தார் என்பதை இனிச் சொல்கிறேன்.

ஒக்டோபர் இருபது, ஞாயிற்றுக்கிழமை. கோயிலின் கார் நிறுத்துமிடம் மிக விசாலமானது. அதில் அன்று காலை ஒன்பது மணிக்கு இருந்த கார்கள் பதினான்கு. ஸ்ரீஸ்கந்தராசா சேர்த்த எழுபத்தொரு பேரில் வந்தவர்கள் பதினொரு பேர். மண்டப வாசலில் கோயில் முகாமையாளர் வாகீசன் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், சொன்ன சொல்லில் நிற்கும் பிள்ளை. அவருக்குப் பின்னால் விளம்பரப் பலகை. பலகையில் ஸ்ரீஸ்கந்தராசா ஒட்டிய மரண அறிவித்தல்.

முதலில் வந்தவர் ஸ்ரீஸ்கந்தராசாவிடம் கார் பழகிய ஒருவர், சொந்தமே இல்லை.

"அங்கிள், உங்கடை பேர் இதிலை கிடக்கு. 'பெறாமகன்' எண்டு" என்றார் வாகீசன்.

"அது தம்பி, சும்மா போட்டது."

"செத்த வீட்டிலை சும்மாவும் போடுறதோ? அப்ப சொந்தமில்லை எண்டு சொல்லிப்போட்டு உள்ளை போங்கோ."

பின்னால் நடுவளவுக் கிழவர் இருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் அவர்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், திரும்பிக் காருக்குப் போய்விட்டார். நான்கு நாட்களுக்கு முன் அதே அறிவித்தலை லண்டனில் இருக்கும் தமையனுக்கு அனுப்பியவர் அவர்.

அடுத்து ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். பட்டு வேட்டி, சால்வை, புனிதவதியின் கைபிடித்து. வாகீசன் கைகூப்பினார்.

"நீங்கள் உள்ளை வரேலாது, அங்கிள்."

"நான் வேட்பாளர், தம்பி."

"தெரியும். இதிலையும் போட்டிருக்கு." பலகையைக் காட்டினார். "துடக்கு."

ஸ்ரீஸ்கந்தராசா சுற்றிப் பார்த்தார். பிறகு, இருபது பேர் கேட்க, தெளிவான குரலில் சொன்னார்: "அவர் என்ரை சொந்தப் பெரியப்பா இல்லை. எங்கடை பாட்டா எடுத்து வளர்த்த பிள்ளை. ஊரிலை பழைய ஆக்களுக்குத் தெரியும்."

ஊரில் பழைய ஆள் நான். பதிவுப் புத்தகத்தை வைத்திருந்தவன் நான். அவர் சொன்னது பச்சைப் பொய். வாக்குப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து ஒன்றும் பேசவில்லை. வாசல் கோயிலுடையது, பெட்டிதான் என்னுடையது.

வாகீசன் யோசித்தார். "அப்ப எழுதித் தாங்கோ. நாளைக்கு ஐயர் என்னைத்தான் கேப்பார்."

கையில் வேறு தாள் இல்லாததால் தன் தேர்தல் துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் எழுதினார். 'காலஞ்சென்ற வேலாயுதபிள்ளை எனது உறவினர் அல்லர்.' கையெழுத்து, திகதி. எழுத அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. மக்டலீன் கேட்ட வரியைவிட இது நீளமுமில்லை.

"வாரும்" என்றார் புனிதவதியிடம்.

புனிதவதி அசையவில்லை. "நீங்கள் போங்கோ. நான் வரேல்லை."

"என்னப்பா, ஆக்கள் பாக்கினம்..."

"பாக்கட்டும். கலியாணம் கட்டி வந்து முதல் ஆறு மாதம் அந்த மனிசன்ரை சோத்தைத்தான் திண்டனாங்கள். நீங்கள் போய் உங்கடை வோட்டைப் போட்டிட்டு வாங்கோ. நான் காரிலை இருக்கிறன்."

அவர் தனியாக உள்ளே வந்தார். வாக்குப் போட்டார். அவர் சேர்த்த மற்றப் பத்துப் பேரில் இருவர் சொந்தமில்லை என்று முணுமுணுத்துவிட்டு நுழைந்தார்கள். எட்டுப் பேர் வீட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டேகாலுக்குத் தேவாலயத்திலிருந்து ஒரு பாடசாலை பஸ் வந்தது. மக்டலீனின் பழைய நண்பர் ஓட்டிவந்தார். கிழவிகள் இறங்கி, வாசலில் செருப்புகளை வரிசையாக வைத்துவிட்டு வந்தார்கள். பாதர் அன்று பிரசங்கத்தைச் சுருக்கிவிட்டாராம்.

அளிக்கப்பட்டவை 226. மக்டலீன் 139. ஸ்ரீஸ்கந்தராசா 84. செல்லாதவை 3. இம்முறை எவரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

வாகீசன் போகும்போது அந்தத் துண்டுப்பிரசுரத்தை என்னிடம் தந்தார். "உது உங்கடை தேர்தல் அலுவல் அங்கிள். கோயிலிலை வைச்சிருக்கேலாது." கோப்பில் போட்டேன். ஒரு பக்கம் சிரித்த முகம். மறுபக்கம் அந்த வரி.

நவம்பர் எட்டாம் திகதி முப்பத்தொன்று. அதற்கு முதல் வாரம், நினைவு மலராகக் கொடுக்கும் கல்வெட்டை அச்சுக்குக் கொடுப்பதற்காகத் தவமலர் என்னிடம் திகதிகளைச் சரிபார்க்க வந்தார். பிறந்த திகதி, கலியாணத் திகதி, கனடா வந்த திகதி எல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டார்.

"அண்ணை, ஸ்ரீ எழுதிக் குடுத்தது உண்மையோ?"

"ஓம்."

"தாள் இருக்கோ?"

"இருக்கு." எடுத்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"சரி அண்ணை. எழுதினது எழுதினதுதானே" என்று எழும்பினார்.

நவம்பர் பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்த மதியச் சாப்பாட்டில் கல்வெட்டு எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. வழுவழுப்பான தாள், நாற்பது பக்கம். பதினோராம் பக்கத்தில் நடுவளவு வம்சாவளி. வேலாயுதபிள்ளையின் தம்பிக்கு, அதாவது ஸ்ரீஸ்கந்தராசாவின் தகப்பனுக்கு, நான்கு பிள்ளைகள். மூன்றாவதுக்கும் கடைசிக்கும் இடையில் ஒரு சிறிய இடைவெளி. அச்சகத்தார் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

டிசம்பரில் ஒரு நாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் கல்வெட்டு.

"அண்ணை, உதிலை பெரிய பிழை ஒண்டு நடந்திருக்கு. நாங்கள் ஐஞ்சு பேர்."

"தெரியும்."

"திருத்தத் துண்டு ஒண்டு அடிச்சு ஒட்டச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா தவமலரக்கா கேப்பா."

"நான் முதலே கேட்டுப் பாத்தன். ஒட்டலாமாம். 'ஒக்டோபர் இருபதாந் திகதி நான் எழுதினது பொய்' எண்டு நீர் ஒரு வரி எழுதித் தந்தாப் போதுமாம்."

கதிரையில் இருந்து யோசித்தார். நான் பேனையும் தாளும் அவர் முன்னால் வைத்தேன். தேநீர் ஆறியது. பேனையைத் தொட்டார், எடுக்கவில்லை.

"அப்பிடி எழுதினா, அடுத்தமுறை நான் நிக்கேக்கை உதைத் தூக்கிக் காட்டுவாங்களே, அண்ணை."

"காட்டுவாங்கள்."

"யோசிச்சுச் சொல்லுறன்."

இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த தேர்தல் 2026இல். நகர மேயர் தேர்தலும் அந்த வருடம்தான். அதற்கும் நிற்கப்போவதாகக் கேள்வி.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே திரும்பினார். "நான் வந்து ஆட்சேபிச்சதை எழுதுவியள்தானே, அண்ணை?"

எழுதினேன். அதுதான் நூற்றுப் பதினேழாவது இடம்.